கடைசிப் பிரதி கவர்ந்த படலம்

மூன்று நகல் கேட்டால் ஐந்து நகல் நீட்டிய அண்ணல் வாழ்க! குண்டூசிப் பெட்டியை எண்ணாமல் ஏற்காத கூர்விழியார், கூடார முளைக்குச்சிகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பாராமல் தலையசைக்காத தகைமையார், இருபத்தெட்டு ஆண்டுகளாகக் கண்ணால் காணாத பொருளுக்குக் கையெழுத்திட்டறியாத கற்புநெறிப் பேனாவுக்கு உரியவர், படைத்துறை வழங்கல் அலுவலகத்தின் மூத்த கண்காணிப்பாளர், முதுகுக்குப் பின்னால் ‘கடைசி இருப்பு சார்’ என்று பாதி மரியாதையோடும் பாதிச் சிரிப்போடும் அழைக்கப்பட்ட பெருந்தகை வாழ்க! அவர் ஒரு புத்தகத்தைப் படிப்பதற்காகத் திங்கள் முதல் வெள்ளி வரை நடத்திய மாபெரும் போரை இங்கே உரைக்கப் போகிறோம்.

இவ்வளவு பெரிய காரியத்துக்குக் காப்பு வேண்டும். பெருந்தெய்வங்களுக்கெல்லாம் பெரிய போர்களில் வேலை இருப்பதால், மேசையோரத்தில் வாய் பிளந்து கிடக்கும் ஸ்டேப்ளரைத் தொழுது தொடங்குவோம். இரும்புப் பல்லரசே, கோப்புகளைக் கோக்கும் கோவே, பாதிக் கதையில் கம்பி தீர்ந்து எங்கள் மானத்தை வாங்கிவிடாதே.

கேளுங்கள். தலைமையகம் என்னும் எட்டாத கொடுமுடியிலிருந்து ஒரு சுற்றறிக்கை இறங்கி வந்தது. ‘படைக்குப் பொருள் வாங்குவோரும் அதைக் கொண்டுசேர்ப்போரும் இனித் தொழில்சார் நூல்களைக் கற்பாராக! ஆண்டுக்கு ஒன்றையேனும் முதற்பக்கம் தொட்டு முடிவுரை ஈறாக ஓதுவாராக! ஓதியதைக் குறிப்பாக வரைந்து, இயக்குநர் திருமுன் வினாக்களுக்கு விடையிறுத்து, வாசிப்புச் சான்றிதழ் பெறுவாராக! அச்சான்றிதழ் இல்லாதோர் இடமாற்றம் என்ற சொல்லை நாவாலும் நவிலாதிருப்பாராக!’ சுற்றறிக்கையின் நடை இவ்வளவு அழகாக இல்லை என்றாலும் சாரம் இதுதான்.

படிக்க வேண்டிய பன்னிரண்டு நூல்களின் பட்டியலும் கூடவே வந்தது. பன்னிரண்டையும் வாங்கக் கோப்பு திறந்தார்கள். அது மேசை மேசையாக ஏறி, மாடி மாடியாக இறங்கி, ஒருமுறை தவறுதலாகக் காலணிப் பிரிவுக்குப் போய் அங்கே நான்கு மாதம் ஓய்வெடுத்து, கடைசியில் ஒரே ஒரு நூலை இரண்டு பிரதிகளாகப் பெற்றுத் தந்தது. ‘குண்டூசி முதல் பீரங்கி வரை: வேண்டியதை வேண்டிய நேரத்தில் சேர்ப்பது எப்படி’ என்பது அந்நூலின் பெயர். அது வந்துசேரப் பதினான்கு மாதம் ஆயிற்று. அதைச் சொல்லிச் சிரிக்க அந்த அலுவலகத்தில் யாருக்கும் தோன்றவில்லை, ஏனென்றால் பதினான்கு மாதம் அங்கே நல்ல வேகம்.

இனி, நம் பெருந்தகை போர்க்கோலம் பூண்ட காரணம். அவருடைய மனைவி ஏழு மணி நேரப் பேருந்துப் பயணத் தொலைவில் இன்னோர் ஊரில், மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தார். பத்தாம் வகுப்புப் படிக்கும் ஒரே மகளும் அங்கேதான். பதினொரு ஆண்டுகளாகச் சனிக்கிழமை போய் ஞாயிறு மாலை திரும்பும் வாழ்க்கை. சென்ற ஞாயிறு காலை பத்து மணிக்கு மகள் அறையிலிருந்து வெளியே வந்து, நாளிதழ் படித்துக்கொண்டிருந்த தகப்பனைப் பார்த்து, “அப்பா, நீங்க எப்ப வந்தீங்க?” என்று கேட்டாள். அவர் முந்தின நாள் மாலையே வந்து, அவளுக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டும் இருந்தார். அந்தக் கேள்வி ஏழு மணி நேரமும் பேருந்தில் அவர் பக்கத்து இருக்கையிலேயே உட்கார்ந்து வந்தது. திங்கள் காலை அலுவலகம் வந்தால், மனைவி இருக்கும் ஊரின் கிடங்கில் ஓர் இடம் காலி என்ற அறிவிப்பு பலகையில் தொங்கியது. விண்ணப்பிக்கக் கடைசி நேரம் வெள்ளி மாலை ஐந்து மணி. வாசிப்புச் சான்றிதழ் இணைக்கப்பட வேண்டும்.

சான்றிதழ் என்ன பெரிய மலையா என்று கேட்பீர்கள். அலுவலகத்தில் இருபத்தாறு பேர் அதை ஏற்கெனவே வாங்கிவிட்டிருந்தார்கள். கொள்முதல் பிரிவில் ‘சுருக்கம்’ என்று பெயர் பெற்ற முப்பது வயது எழுத்தர் ஒருவர் இருந்தார். கைப்பேசிக் குழுவில் இரண்டு பக்கத்துக்கு ஒரு சுருக்கம் அனுப்பிப் பலரைக் கரையேற்றிய புண்ணியவான். இயக்குநர் கேட்டதும் ஒரே கேள்விதான்: புத்தகம் எப்படி இருந்தது? நல்லா இருந்துது சார் என்று சொன்ன எல்லோரும் சான்றிதழோடு வெளியே வந்தார்கள். சுருக்கம் தன் கருணையை நம் பெருந்தகை மீதும் பொழிய வந்தார்.

“சார், ரெண்டே பக்கம். டீ ஆறதுக்குள்ள முடிச்சிடலாம்.”

“நீ புக்கைப் படிச்சியா தம்பி?”

“பின்னட்டையைப் படிச்சேன் சார். பொருளடக்கமும் பாத்தேன்.”

“அப்ப நான் உன் போனைப் படிச்சேன்னுதானே எழுதிக் குடுக்க முடியும்? புக்கைப் படிச்சேன்னு எப்படிக் கையெழுத்துப் போடறது?”

சுருக்கத்துக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். ஆனால் நாம் சிரிக்க வேண்டாம். முளைக்குச்சியை எண்ணாமல் கையெழுத்திட்டவர்களால் கூடாரம் இல்லாமல் மழையில் நின்ற படைகளை அவர் பார்த்திருக்கிறார். பார்த்த பொருளுக்குத்தான் கையெழுத்து. இந்த ஒரு விரதத்தை நம்பித்தான் அவர் இருபத்தெட்டு ஆண்டு நிம்மதியாகத் தூங்கினார்.

ஆகவே எழுந்தார் அண்ணல்! சட்டைப்பை இடத்தே இரு பேனா விளங்க, கக்கத்தில் கோப்பு என்னும் கேடயம் இடுக்கி, படிக்கட்டு அதிர, பாதையில் எதிர்ப்பட்ட துப்புரவுப் பணியாளர் வாளியோடு ஒதுங்க, நூலைத் தேடி நடந்தார். இரண்டு பிரதிகளில் ஒன்று இயக்குநர் பெயரில் வழங்கப்பட்டு, அவர் பையோடு பயணம் போயிருந்தது. வெள்ளி காலைதான் திரும்பும். மற்றொன்று கிடங்கில் இருந்தது. கிடங்கின் கதவில் இருந்தவர் கிடங்கு அக்கா.

யார் அந்த அக்கா என்று சொல்லாவிட்டால் இக்காவியம் குறைபடும். நாற்பத்திரண்டு வயது, மூக்கு நுனியில் கண்ணாடி, இடுப்பில் பதினேழு சாவி. ஜெனரலே வந்தாலும் கோரிக்கைச் சீட்டு இல்லாமல் ஒரு செருப்பு வார் நகராது. வயதில் மூத்தவர்களும் அக்கா என்றே அழைத்தார்கள், நம் பெருந்தகை உட்பட. அவர் நீட்டிய கோரிக்கைச் சீட்டை அக்கா மேலும் கீழும் படித்தார். பேரேட்டைப் புரட்டினார். பிறகு சுவரைக் காட்டினார்.

சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள், ஒன்பது ஆண்டுப் பழமையான ஓர் ஆணை முழங்கிக்கொண்டிருந்தது. ‘இக்கிடங்கில் எந்தப் பொருளின் இருப்பும் எக்காரணம் கொண்டும் சூனியமாதல் ஆகாது! ஒவ்வொரு பொருளிலும் கடைசி ஒன்று அவசர காலத்துக்கென நிலைநிறுத்தப்படுக! கேட்பவர் யாராயினும் அக்கடைசி ஒன்று வழங்கப்படாதொழிக!’ ஒரு மழைநாளில் கடைசித் தார்ப்பாயையும் யாரோ வாங்கிப் போய்விட, ஒரு லாரி மருந்துப்பெட்டிகள் நனைந்து நாசமான கோபத்தில் எழுதப்பட்ட ஆணை அது. எழுதியவர் நம் பெருந்தகையேதான். பட்டப்பெயர் வந்த வழியும் இதுவே.

“ஒண்ணுதான் இருக்கு சார். குடுக்க முடியாது.”

“புக்கு அக்கா இது. தார்ப்பாயா?”

“பேரேட்டுல வரிசை எண் போட்டு ஏத்தியாச்சு. ஏத்தினா எல்லாம் பொருள்தான். நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க.”

தான் கட்டிய கோட்டையின் வாசலில் தானே தட்டிக்கொண்டு நின்ற மன்னரை எந்தப் புலவராவது பாடியிருக்கிறாரா, தெரியவில்லை. நம் பெருந்தகை நின்றார். அக்கா மீது அவருக்குக் கோபம் வந்தது. அக்கா சொன்னது சரி என்று தெரிந்ததால் அந்தக் கோபம் இரண்டு மடங்காயிற்று.

செவ்வாய்க்கிழமை இரண்டாம் படையெடுப்பு. பழைய ஆணையைத் திருத்தி ஒரு புத்தாணை தீட்டினார்: ‘அச்சிட்ட நூல்களுக்கு மேற்படி விதி பொருந்தாதெனப் பறைசாற்றுக!’ ஆனால் திருத்தத்துக்கு இயக்குநர் கையொப்பம் வேண்டும். இயக்குநரோ ரயிலில். அடுத்து, நூலைப் பழுதான பொருள் என்று ஒதுக்கிவிட்டால் இருப்பிலிருந்து நீங்கும் அல்லவா என்று போர்த்தந்திரம் வகுத்து, அதற்கான படிவத்தோடு மாலையில் மறுபடி கிடங்கேகினார். அக்கா புத்தகத்தை எடுத்து வந்து அவர் முகத்துக்கு நேரே விரித்து மூடினார். புதுக் காகித வாசனை வந்தது.

“அட்டை கூட மடங்கல. இதைப் பழுதுன்னு எழுதி நீங்க கையெழுத்துப் போடுவீங்களா சார்?”

போடமாட்டார். அது அக்காவுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். படிவத்தை நான்காக மடித்துப் பையில் வைத்தார். வைத்தவர் போகாமல் அங்கேயே நின்றார். பிறகு, அலுவலகத்தில் இதுவரை யாரிடமும் சொல்லாததை, பூட்ஸ் அலமாரியைப் பார்த்துச் சொன்னார்.

“பாப்பா ஞாயித்துக்கிழமை என்கிட்ட எப்ப வந்தீங்கன்னு கேட்டா அக்கா. நான் முந்தின நாளே வந்துட்டேன்.”

அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

“வழங்கத்தான் கூடாதுன்னு எழுதியிருக்கீங்க. சரிபாக்கக் கூடாதுன்னு எழுதலையே சார்.”

ஆகா, எட்டுத் திசையும் கேளுங்கள்! இருட்டறையில் விளக்கு வந்ததா, பூட்டிய கதவு தானாய்த் திறந்ததா! மூத்த கண்காணிப்பாளருக்கு எந்நேரமும் எப்பொருளையும் சரிபார்க்கும் உரிமை உண்டு. சரிபார்த்தல் என்றால் முழுமையாகச் சரிபார்த்தல். கூடாரம் என்றால் விரித்து முளை எண்ண வேண்டும், முதலுதவிப் பெட்டி என்றால் திறந்து பஞ்சு பார்க்க வேண்டும். புத்தகம் என்றால் பக்கங்கள் உள்ளனவா, பக்கங்களில் எழுத்துகள் உள்ளனவா, எழுத்துகளில் பொருள் உள்ளதா என்று முந்நூற்று நாற்பத்தெட்டுப் பக்கமும் பார்த்தாக வேண்டும். கிடங்கை விட்டு வெளியே போகக் கூடாது, அவ்வளவுதான்.

புதன் காலை ஒன்பது மணிக்குச் சரிபார்ப்புப் பெரும்போர் தொடங்கிற்று. உட்கார நாற்காலி கேட்டார். நாற்காலியும் கடைசி ஒன்று. ஆகவே வலக்காலுக்கு மட்டும் பூட்ஸ் வந்து இடக்காலுக்காக ஆறு ஆண்டாய்க் காத்திருக்கும் மரப்பெட்டியின் மீது அமர்ந்தார். எதிரே அணிவகுத்து நின்றன அத்தியாயங்கள். ‘தேவையை வரையறுத்தல்’ என்னும் முன்னணிப்படையை ஒரு மணி நேரத்தில் முறியடித்தார். ‘ஒப்பந்தமும் உத்தரவாதமும்’ என்னும் யானைப்படை, ஒரு வாக்கியத்துக்கு ஒன்பது வரி நீளத் தும்பிக்கையை வீசி வந்தது. அடிக்கோடிட முடியாது, கிடங்குப் பொருள். விரலால் வரியைப் பிடித்துப் பிடித்து அதையும் கடந்தார். மதிய உணவுக்குப் பின் நூற்றுப் பதினோராம் பக்கத்தில், அம்புக்குறிகள் எழுபது சூழ்ந்த வரைபடமொன்றின் நடுவே, உறக்கம் என்னும் மாயப்படை பிடரியில் இறங்கியது. கண்ணிமைகள் சரிந்தன. தலை மும்முறை தாழ்ந்தது. நான்காம் முறை தாழ்கையில் அக்கா பதினேழு சாவியையும் மேசையில் போட்டார். அண்ணல் நிமிர்ந்தார். “ஒண்ணுமில்ல சார், கை தவறிடுச்சு” என்றார் அக்கா. அன்று மாலைக்குள் பதினொரு முறை அவர் கை தவறியது.

வியாழன் பகல் மூன்று மணிக்குப் பதினோராம் அத்தியாயம் வந்தது. இங்கே கொஞ்சம் முரசை நிறுத்திவைப்போம். அந்த அத்தியாயத்தில் ஒரு வரி இருந்தது: யாருக்கும் தரக்கூடாது என்று வைத்திருக்கும் பொருள் இருப்பில் உள்ள பொருள் அல்ல, இடத்தை அடைக்கும் சாமான். அவர் அதை இரண்டு முறை படித்தார். தலையைத் தூக்கிக் கிடங்கைப் பார்த்தார். ஒரு தார்ப்பாய். ஒரு லாந்தர். ஒரு தூக்குப்படுக்கை, துணி இற்றுப்போய். ஒரு ஜோடிக் கையுறை, விறைத்துப்போய். நானூறு தட்டுகளில் நானூறு கடைசிப் பொருள்கள், ஒன்பது ஆண்டுகளாக, தன் கையெழுத்துக்குக் காவல் கிடப்பதைப் பார்த்தார். எத்தனை பேர் இந்த மேசை முன்னால் வந்து நின்று வெறுங்கையோடு திரும்பியிருப்பார்கள்? அவருக்கு வெட்கமாக இருந்தது. வேறு யாரும் சொல்லி அவர் ஒப்புக்கொண்டிருக்க மாட்டார். படித்ததால் ஒப்புக்கொண்டார்.

நான்கு ஐம்பத்திரண்டுக்குக் கடைசிப் பக்கம் வீழ்ந்தது. ‘பக்கங்கள் 348, அனைத்தும் உள்ளன, நல்ல நிலை’ என்று சரிபார்ப்புப் படிவத்தில் எழுதி, இரு கையாலும் நூலை அக்காவிடம் ஒப்படைத்தார் வெற்றித்திருமகன்.

“எப்படி சார் இருந்துது?”

“தப்பு பண்ணிட்டேன் அக்கா” என்றார். அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை.

ஒரு பக்கக் குறிப்பு எழுத உட்கார்ந்தவர் நான்கு பக்கம் எழுதினார். கடைசி இருப்பு விதி தவறு, எழுதியவன் நானே, அதை நீக்க வேண்டும், எந்தப் பொருளுக்கு எவ்வளவு சேம இருப்பு தேவை என்று கணக்கிடும் முறை இது, இதை நம் அலுவலகத்தின் கீழுள்ள பதினொரு கிடங்குகளிலும் இப்படிக் கொண்டுவரலாம் என்று வரிசையாக எழுதினார். தன் தலையில் தானே குட்டிக்கொண்ட அந்த நான்கு பக்கத்தையும், இடமாற்ற விண்ணப்பத்தையும் கையிலேந்தி, வெள்ளி பகல் பதினொரு மணிக்கு இயக்குநர் திருமுன் சென்றார்.

இயக்குநர் குறிப்பைப் படித்தார். முதல் பக்கத்தை நின்றுகொண்டு படித்தவர் இரண்டாம் பக்கத்துக்கு உட்கார்ந்தார். நான்காம் பக்கம் முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

“ரயில்ல சிக்னல் கிடைக்கல. வேற வழியில்லாம நானும் படிச்சிட்டேன். இருபத்தாறு பேர் குறிப்பும் இங்கதான் இருக்கு. எல்லாத்துலயும் பதினாலு அத்தியாயம்னு எழுதியிருக்கு. புக்குல பன்னெண்டுதான். முன்னுரையையும் கடைசில இருக்கற அட்டவணையையும் சேத்து எண்ணியிருக்கானுங்க. நீங்க ஒருத்தர்தாங்க படிச்சிருக்கீங்க.”

“சரிபாத்தேன் சார்.”

“நல்லா சரிபாத்தீங்க.”

மாற்றாரும் மகிழ, மாடங்கள் அதிர, சான்றிதழ் எழுதப்பட்டது. ‘மிகச் சிறப்பு’ என்று பச்சை மையில் பொறிக்கப்பட்டது. கடைசி இருப்பு ஆணை அப்போதே ரத்தாயிற்று. அண்ணல் விண்ணப்பத்தை நகர்த்தி வைத்தார். இயக்குநர் அதையும் படித்தார்.

“இவ்வளவும் எழுதிக் குடுத்துட்டு நீங்களே போனா எப்படி? பதினோரு கிடங்குலயும் இதை யார் செய்யறது? இதைப் புரிஞ்சவர்னு என்கிட்ட இருக்கறதே ஒருத்தர். அவரையும் அனுப்பிட்டா நான் என்ன பண்ணுவேன்?”

“சார், வீட்ல பொண்ணு...”

“மூணே வருஷம். முடிச்சுக் குடுத்துட்டுப் போங்க.”

விண்ணப்பத்தின் மீது பச்சை மை மீண்டும் முழங்கியது: ‘இவர் இவ்வலுவலகத்துக்கு இன்றியமையாதவர்! இவரை விடுவித்தல் இயலாது!’ அந்த ஊர்க் கிடங்குக்கு இன்னொரு விண்ணப்பமும் வந்திருந்தது. விண்ணப்பித்தவரிடம் முறையான சான்றிதழ் இருந்தது. கொடுத்த சான்றிதழைத் திரும்ப வாங்க விதி இல்லை. மாலை ஐந்தரை மணிக்குச் சுருக்கம் தன் இடமாற்ற ஆணையோடு வந்து, தலை குனிந்து, நம் பெருந்தகையின் மேசை முன்னால் நின்றார்.

“நீங்க போட்டிருக்கீங்கன்னு தெரிஞ்சிருந்தா நான் போட்டிருக்க மாட்டேன் சார்.”

“பரவாயில்ல தம்பி. போய்ச் சேந்ததும் முதல்ல இருப்பை எண்ணு. எண்ணாம பொறுப்பு வாங்காத.”

சுருக்கம் சரி சார் என்றார். எண்ணமாட்டார் என்று இருவருக்கும் தெரியும்.

நம் பெருந்தகை கிடங்குக்குப் பின்னால், லாரிகள் திரும்பும் இடத்துக்குப் போய் மனைவியை அழைத்தார். அங்கே பரிசோதனைக் கூடத்தின் இயந்திரம் சுற்றும் ஓசை கேட்டது.

“என்னங்க, கிடைச்சுதா?”

“சர்டிபிகேட் கிடைச்சுது. மிகச் சிறப்புன்னு போட்டிருக்காங்க.”

“சரி, மாத்தல்?”

அவர் நடந்ததைச் சொன்னார். பெட்டி மீது உட்கார்ந்து படித்தது, பதினோராம் அத்தியாயம், நான்கு பக்கக் குறிப்பு, இயக்குநர் சொன்னது, மூன்று ஆண்டு. எல்லாவற்றையும் வரிசை தவறாமல் சொன்னார். அந்தப் பக்கம் இயந்திரம் நின்றது. மனைவியின் குரல் உடைந்து வந்தது.

“எல்லாரும் நல்லா இருந்துதுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுத்தானே போறாங்க. நீங்க எதுக்குங்க முழுசா படிச்சீங்க?”

முந்நூற்று நாற்பத்தெட்டுப் பக்கங்களை மண்ணைக் கவ்வச் செய்த மாவீரர், ஒப்பந்த யானைகளின் ஒற்றைப் பெருங்காலன், உறக்கப்படை கடந்த உரவோர், பதினொரு கிடங்குகளின் இருளகற்ற வந்த எழுஞாயிறு, அக்கேள்விக்கு விடை தேடித் தன் நெஞ்சென்னும் கிடங்கின் எல்லாத் தட்டுகளையும் துழாவினார். ஒரு தட்டிலும் ஒன்றும் இல்லை.

இன்றோ நாளையோ மாற்றல் வரும் என்று பதினொரு ஆண்டுகளாக மெஸ்ஸிலேயே சாப்பிட்டு வந்தவர், அன்று சாயங்காலம் கடைக்குப் போய், ஒருவருக்குச் சமைக்கும் அளவில் ஒரு சின்ன குக்கர் வாங்கினார்.